ஆடிட்டர் அம்பிளி

துலா மாதத்து ஐப்பசி மழை கொச்சியின் மட்டாஞ்சேரியை நனைத்துக்கொண்டிருந்த ஒரு மதியம், சிவசங்கரனின் தொழிற்சாலைக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு ஃபேக்ஸ் வந்தது. இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டு அது. அதைப் படித்த கையோடு அவர் ஆய்வுக்கூடத்திலிருந்து அம்பிளியைக் கூப்பிட்டனுப்பினார்.

பஜார் ரோட்டுக்குப் பின்புறம், கால்வாயை ஒட்டியிருந்த பழைய கிடங்கு ஒன்றைத்தான் அவர் தொழிற்சாலையாக மாற்றியிருந்தார். மிளகையும் இஞ்சியையும் ஆவியில் வேகவிட்டு எண்ணெய் இறக்கும் தொழில். அந்த எண்ணெயில் முக்கால்வாசி ஜெர்மனிக்குப் போய்க்கொண்டிருந்தது. அம்பிளி அங்கே கெமிஸ்ட். எண்ணெயின் தரம் பார்ப்பது, வெளியே போகும் தண்ணீரைச் சோதிப்பது எல்லாம் அவள் ஒருத்திதான். வயது இருபத்தாறு. மூன்று வருடமாக அந்தச் சின்ன அறையில் இஞ்சி வாசனையோடு இருந்து, வீட்டுக்குப் போனால் தலைமுடியிலும் இஞ்சி வாசனை.

சிவசங்கரன் ஃபேக்ஸை அவள் பக்கம் தள்ளினார். ஏப்ரலில் அவர்களுடைய ஆள் ஒருத்தி நேரில் வருவாள். தண்ணீர், புகை, கழிவு மூன்றையும் தொழிற்சாலை எப்படிப் பார்த்துக்கொள்கிறது என்று சோதிப்பாள். ஐ.எஸ்.ஓ. 14001 என்ற சுற்றுச்சூழல் தரத்துக்கு ஏற்ப எல்லாம் நடக்கவேண்டும். அதைத் தாங்களே முன்கூட்டித் தணிக்கை செய்துகொள்ளத் தெரிந்த, முறையாகப் பயிற்சி பெற்ற ஒருவர் தொழிற்சாலையில் இருக்கவேண்டும். இல்லையென்றால் எண்ணெய் வாங்குவதை நிறுத்திவிடுவார்கள்.

"இதுக்கு நிறைய கோர்ஸ் இருக்காம். எதாக்கும் நல்லதுன்னு நேக்குத் தெரியாது" என்றார் சிவசங்கரன். பாலக்காட்டுக்காரர், நல்ல மனிதர், அவசரக்காரர். "நீயே பார்த்துத் தேர்ந்தெடுத்துண்டு வா. நான் சேர்த்துவிடறேன்."

அம்பிளி வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. இதுவரை அவள் வாழ்க்கையில் எதையும் அவள் தேர்ந்தெடுத்ததில்லை. கெமிஸ்ட்ரி படித்தது அந்தப் பிரிவில்தான் இடம் கிடைத்தது என்பதால். இந்த வேலைக்கு வந்தது இதுதான் முதலில் கிடைத்தது என்பதால். நீயே பார்த்துத் தேர்ந்தெடு என்று ஒருவர் சொன்னது இதுதான் முதல் தடவை.

வீட்டில் அம்மா சரோஜம்மாவிடம் சொன்னாள். சரோஜம்மா கார்ப்பரேஷனில் துப்புரவுத் தொழிலாளி. கணவர் ஆறுச்சாமி வேலையில் இருக்கும்போதே இறந்துபோனதால் அந்த வேலை அவருக்கு வந்தது. அவர்கள் குடும்பம் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கொச்சிக்கு வந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. அம்பிளி பேசுவது தமிழ், படிப்பதும் எழுதுவதும் மலையாளம். மகள் ஆடிட்டர் ஆகப்போகிறாள் என்று கேட்டதும் சரோஜம்மா அதே வேகத்தில் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். மறுநாளே அடுத்த வீட்டுக்காரர் மளிகைக்கடைக் கணக்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார், வருமான வரி கட்டவேண்டுமா வேண்டாமா என்று கேட்க. இது கணக்கு பார்க்கிற ஆடிட்டர் இல்லை, தண்ணீரையும் புகையையும் பார்க்கிற ஆடிட்டர் என்று அம்பிளி விளக்கினாள். அவர் சந்தேகத்தோடு அவளைப் பார்த்துவிட்டு, அதற்கெல்லாமா ஆடிட்டர் என்று கேட்டுக்கொண்டே போனார்.

முதலில் அவள் பார்த்தது எர்ணாகுளம் கலூரில் நடந்த கோர்ஸ். பத்திரிகையில் கால் பக்க விளம்பரம் வந்திருந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளில் லீட் ஆடிட்டர், அதாவது தணிக்கைக் குழுவின் தலைவராகும் தகுதி. அறிமுக வகுப்புக்குக் கட்டணம் இல்லை. சனிக்கிழமை அவள் இருக்கிறதில் நல்ல சுடிதாரைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மூன்றாவது மாடியில் குளிரூட்டிய அறை. வாசலிலேயே ஆளுக்கு ஒரு தோள்பை கொடுத்தார்கள். சுவரில் ஒரு மாதிரிச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். தங்க நிற எழுத்து, சிவப்பு முத்திரை, பெயருக்காக விட்ட வெற்றிடம். அந்த இடத்தில் தன் பெயரை மனதுக்குள் எழுதிப் பார்த்தபோது அம்பிளிக்கு உடம்பு சிலிர்த்தது. கோட்டு போட்ட ஆசிரியர் நன்றாகப் பேசினார், சிரிக்கவைத்தார். தேர்வு பற்றி யாரோ பயந்து கேட்டதற்கு, கவலையே வேண்டாம், கேள்விகளைக் காலையிலேயே சொல்லிவிடுவோம், இங்கே இதுவரை யாரும் தோற்றதில்லை என்றார். கூட்டம் கைதட்டியது. அம்பிளியும் தட்டினாள்.

கடைசியில் அவள் எழுந்து ஒன்று கேட்டாள். ஒரு தொழிற்சாலையில் ஃபைல் எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் ஓடைப் பக்கம் போனால் நாற்றம் அடிக்கிறது. ஆடிட்டர் என்ன எழுதவேண்டும்?

ஆசிரியர் புன்னகையோடு மலையாளத்தில் பதில் சொன்னார். ஃபைல் சரியாக இருந்தால் எல்லாம் சரி. மூக்கு ஒரு சாட்சி ஆகாது. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

திரும்பி வரும்போது வெண்டுருத்திப் பாலத்தில் பஸ் நெரிசலில் மாட்டிக்கொண்டது. கீழே காயல் தண்ணீர் கறுத்துக் கிடந்தது. மடியில் இருந்த புதுத் தோள்பையைத் தடவிக்கொண்டிருந்தவள் அப்போதுதான் அந்தச் சிரிப்பை மறுபடி நினைத்துப் பார்த்தாள். ஏப்ரலில் வரப்போகிறவள் மூக்கைக் கழற்றி வைத்துவிட்டா வருவாள்? யாருமே தோற்காத தேர்வில் தான் ஜெயித்து என்ன ஆகப்போகிறது? பாலத்தைக் கடப்பதற்குள் கலூர் அவள் மனதில் முடிந்துபோனது. ஏமாற்றமாக இல்லை. உள்ளே ஏதோ கிளம்பிவிட்டது போல இருந்தது. நல்லது எது என்று தெரியாவிட்டாலும் எது நல்லதில்லை என்று அவளுக்கே தெரிந்துவிட்டதே.

அடுத்த ஒரு வாரம் வேலை முடிந்ததும் பேலஸ் ரோட்டில் இருந்த பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தாள். ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு சாயா குடித்து முடித்துவிடலாம், அவ்வளவு மெதுவாக நெட் ஓடிய காலம். இருந்தும் அவள் நகரவில்லை. லீட் ஆடிட்டர் கோர்ஸ் என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம், ஆனால் உலக அளவில் பதிவு செய்து நடத்தும் கோர்ஸ் வேறு என்று தெரிந்தது. அது ஐந்து நாள். அதைவிடச் சின்னதாக, சொந்தத் தொழிற்சாலையை மட்டும் தணிக்கை செய்ய இரண்டு நாள் கோர்ஸ் ஒன்றும் உண்டு. தரத்துக்கு ஒன்று, சுற்றுச்சூழலுக்கு ஒன்று எனத் தனித்தனி. சென்னையில் ஒரு நிறுவனம் ஐந்து நாள் சுற்றுச்சூழல் கோர்ஸை ஜனவரியில் எர்ணாகுளத்துக்கே கொண்டுவந்து ஒரு ஹோட்டலில் நடத்தப்போவதாகப் போட்டிருந்தது.

மறுநாள் எஸ்.டி.டி. பூத்திலிருந்து அந்த எண்ணுக்குப் போன் செய்தாள். கேட்கவேண்டிய கேள்விகளை வரிசையாக மனப்பாடம் செய்துவைத்திருந்தாள். எடுத்தது ஒரு பெண். ஸ்வர்ணலதா என்றும், அந்தக் கோர்ஸை நடத்தப்போவதே தான்தான் என்றும் சொன்னார். அம்பிளியின் முதல் கேள்வி முடிவதற்குள் அவர் குறுக்கிட்டார்.

"அதெல்லாம் சொல்றேன். முதல்ல நீங்க எதுக்காகப் படிக்கப் போறீங்க? அதைச் சொல்லுங்க."

மனப்பாடம் செய்த வரிசை அம்பிளிக்குக் கலைந்துபோனது. ஃபேக்ஸ் கதையைச் சொன்னாள்.

"உங்க தொழிற்சாலைக்கு மட்டும்னா ரெண்டு நாள் கோர்ஸ் போதும்" என்றார் ஸ்வர்ணலதா. "அஞ்சு நாள் கோர்ஸ் மத்த இடங்களுக்குப் போய் ஆடிட் பண்றவங்களுக்கு. வீணா செலவு பண்ணாதீங்க."

கோர்ஸ் விற்கிறவரே வேண்டாம் என்கிறாரே என்று அம்பிளிக்கு ஆச்சரியம். இன்னும் ஒன்று கேட்கவேண்டியிருந்தது. "மேடம், அந்த அஞ்சு நாள்ல யாராச்சும் தோப்பாங்களா?"

"ஒவ்வொரு தடவையும் சிலர் தோக்கறாங்க. பேப்பர் திருத்தறது நான் இல்லை, வெளியில. ஏன், பயமா இருக்கா?"

"இல்லை மேடம்" என்றாள் அம்பிளி. சந்தோஷமாக இருக்கிறது என்று சொல்ல வந்தவள் அதை விழுங்கிக்கொண்டாள்.

இரண்டு நாளா, ஐந்து நாளா? அன்று முழுவதும் அவள் மனம் அதிலேயே ஓடியது. எண்ணெயைச் சோதிக்கும்போதும், இஞ்சி லாரி உள்ளே வரும்போதும் அதே நினைப்பு. சாயங்காலம் சிவசங்கரன் முன்னால் போய் நின்றபோது எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். கலூரில் எளிது, யாரும் தோற்பதில்லை. இரண்டு நாள் கோர்ஸே தொழிற்சாலைக்குப் போதும் என்று நடத்துகிறவரே சொல்கிறார். ஐந்து நாள் கோர்ஸ் கஷ்டம், தோற்கவும் வாய்ப்பு உண்டு.

சிவசங்கரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நோக்கு எது வேணும்?"

"அஞ்சு நாள், சார்."

"ஏன்?"

"ஜெர்மனிலேருந்து வர்றவங்க அந்தப் படிப்பு படிச்சவங்களாக்கும். அவங்க நம்ம இடத்தை எப்படிப் பாப்பாங்கன்னு எனக்குத் தெரியணும். ரெண்டு நாள் கோர்ஸ்ல நம்ம இடத்தை நாமளே எப்படிப் பாக்கறதுன்னுதான் கத்துக்குவோம்." அவள் ஒரு கணம் நிறுத்தினாள். "அப்புறம், எனக்கும் ஆசை இருக்கு சார். ஒருநாள் வேற தொழிற்சாலைகளுக்கும் போய்ப் பாக்கணும்னு."

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று அவளுக்குத் தோன்றியது. சிவசங்கரன் மூக்குக்கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, ஆசை இருக்கிறவள்தான் ஒழுங்காகப் படிப்பாள் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

சரோஜம்மாவுக்குத்தான் இது பிடிக்கவில்லை. "அஞ்சு நாள் உக்கார வச்சு காசும் வாங்கிட்டு, தோக்கடிக்கவும் செய்வாங்களா? அதென்ன கோர்ஸ் மோளே?" என்று அடுப்படியிலிருந்து இரண்டு நாள் கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஜனவரியில் அம்பிளி தினமும் காலையில் மட்டாஞ்சேரி படகுத்துறையில் படகேறி எர்ணாகுளம் போனாள். வகுப்பில் பெரும்பாலும் ஆண்கள், அனுபவசாலிகள். சிமெண்ட் ஆலை, பெயிண்ட் கம்பெனி, உரத் தொழிற்சாலைக்காரர்கள். அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் சங்கர்ராம். திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் பொறியாளர். ஒல்லியாக, அதிகம் பேசாதவராக இருந்தார். முதல் நாள் ஆங்கிலத்தில் எழுந்து தன்னை அறிமுகம் செய்யவேண்டியிருந்தபோது அம்பிளிக்குப் பாதி வாக்கியத்தில் சொல் மறந்துபோனது. இரண்டாம் நாள் அதுவே நினைவில் இல்லை. அவ்வளவு வேலை.

ஸ்வர்ணலதா நாற்பது வயதுக்காரர், குள்ளமாக, காட்டன் சேலையும் ஸ்போர்ட்ஸ் ஷூவுமாக அறையில் நடந்துகொண்டே இருப்பார். பாதி நேரம் நாடகம்தான். ஒருவர் ஆடிட்டர், இன்னொருவர் ஏமாற்றப் பார்க்கும் மேனேஜர். அம்பிளி ஆடிட்டராக நடித்தபோது, கேள்வியைக் கேட்டுவிட்டு எதிரில் இருப்பவர் திணறுவதைப் பார்க்கப் பொறுக்காமல் பதிலையும் தானே எடுத்துக் கொடுத்தாள். ஸ்வர்ணலதா நிறுத்தினார்.

"கேட்டாச்சுன்னா வாயை மூடிட்டு இருங்க, அம்பிளி. அவர் யோசிக்கட்டும். நீங்க ஏன் அவருக்குப் பதிலா வேர்க்கறீங்க?"

அன்று சாயங்காலம் படகில் அதைப் பயிற்சி செய்து பார்த்தாள். எஞ்சினில் மாற்றும் பழைய எண்ணெய் எங்கே போகிறது என்று படகுக்காரரிடம் கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள். அவர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு கீழே ஓடும் தண்ணீரைப் பார்த்தார். அம்பிளிக்குச் சிரிப்பும் உற்சாகமும் தாங்கவில்லை. பார்க்கும் இடமெல்லாம் கேள்வியாகத் தெரிந்தது. ஹோட்டலின் அடுப்புக்கரி, மீன் சந்தையின் ஐஸ் தண்ணீர், ஆஸ்பத்திரி வாசலில் கிடந்த குப்பைப் பை. இத்தனை நாளும் இதையெல்லாம் தாண்டித்தானே நடந்தோம் என்றிருந்தது.

நான்காம் நாள் ஒரு உண்மையான தொழிற்சாலைக்குப் போய் ஆடிட் செய்து பழகவேண்டும். களமசேரியில் ஒரு இடம் ஏற்பாடாகியிருந்தது. முந்தின நாள் மதியம் அங்கே தொழிலாளர்கள் திடீரென்று வேலைநிறுத்தத்தில் இறங்கிவிட்டார்கள், கேட்டைப் பூட்டியாகிவிட்டது என்று செய்தி வந்தது. ஸ்வர்ணலதா இரண்டு மூன்று இடங்களுக்குப் போன் செய்து பார்த்தார். ஒரே நாள் அவகாசத்தில் ஆடிட்டர்களை உள்ளே விட எந்த முதலாளிக்கும் மனம் வரவில்லை.

அம்பிளி கையைத் தூக்கினாள். யோசிப்பதற்கு முன்பே கை தூக்கிவிட்டது. "எங்க தொழிற்சாலைக்கு வரலாம் மேடம்."

ஸ்வர்ணலதா அவளை ஏற இறங்கப் பார்த்தார். தான் செய்யும் வேலையைத் தானே ஆடிட் செய்யக்கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் விதி. பாய்லர் பக்கம் அவளுக்குச் சம்பந்தம் இல்லாததால் காலையில் அங்கே ஆடிட்டராக இருக்கலாம். ஆனால் மதியம் மற்றவர்கள் ஆய்வுக்கூடத்துக்கு வரும்போது அவள் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பதில் சொல்லவேண்டும். சம்மதமா என்று கேட்டார். சம்மதம் என்றாள்.

ஹோட்டல் வரவேற்பறைப் போனிலிருந்து சிவசங்கரனிடம் கேட்டபோது அவர் முதலில் திகைத்தார். "வர்றவா விருந்தாளியா, போலீஸா?" என்றார். பிறகு, எங்கே இடித்தாலும் உன் ஆய்வுக்கூடத்தில் இடிக்காது, அது பக்கா, வரச்சொல்லு என்று ஒத்துக்கொண்டார். அம்பிளிக்கும் அந்த நம்பிக்கைதான். மூன்று வருடத்தில் ஒருநாள் கூட அவள் கழிவுநீர்ச் சோதனையைத் தவறவிட்டதில்லை.

வியாழக்கிழமை காலை, தலைக்கவசம் போட்ட பதினைந்து பேர் பஜார் ரோட்டில் வரிசையாக நடந்துவந்ததைப் பார்க்க மிளகு மூட்டை சுமக்கிறவர்கள் நின்றுவிட்டார்கள். அம்பிளிக்குக் கொடுத்த பாய்லர் அறையில் ஜிதின் காத்திருந்தான். பாய்லர் ஆபரேட்டர். தினமும் அவளோடு சேர்ந்து சாப்பிடுகிறவன். சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தான். புன்னகைத்தான். அவள் புன்னகையை அடக்கிக்கொண்டு, அடுப்பில் எரியும் விறகின் சாம்பல் எங்கே போகிறது என்று கேட்டாள்.

"வண்டி வந்து வாரிட்டுப் போகும் சேச்சி."

"எங்கே கொண்டுபோய்க் கொட்டுவாங்க?"

ஜிதின் பதில் சொல்லவில்லை. அவளும் வாயைத் திறக்கவில்லை. பின்னால் ஸ்வர்ணலதா நின்றுகொண்டிருந்தார். பாய்லர் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

"கேட்டதில்லை" என்றான் கடைசியில்.

அம்பிளி அதை என்.சி. என்று எழுதினாள். தரத்தின்படி நடக்கவில்லை என்று ஆடிட்டர் எழுதிக் கொடுக்கும் குறைக்குத் தொழிலில் அதுதான் பெயர். ஜிதின் முகம் வாடிப்போனது. அவளுக்கு வருத்தமாக இருந்தது. ஆனாலும் தான் சரியாகச் செய்தோம் என்ற துள்ளல் அந்த வருத்தத்தை மேலே வரவிடவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு அவளுடைய முறை. சங்கர்ராமும் இன்னும் இருவரும் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார்கள். அவள் ஃபைல்களை எடுத்து அடுக்கினாள். தொட்டியிலிருந்து கால்வாய்க்குப் போகும் தண்ணீரின் சோதனை முடிவுகள் மாதவாரியாக இருந்தன. எல்லாம் அனுமதித்த எல்லைக்குள். சங்கர்ராம் பொறுமையாகப் புரட்டினார், தலையாட்டினார். கருவிகளைப் பார்த்தார், அதுவும் சரி. அம்பிளி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இவர் எதையும் கண்டுபிடிக்கப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

சங்கர்ராம் ஜன்னல் பக்கம் போனார். வெளியே முற்றத்தில் வயநாட்டிலிருந்து வந்த பச்சை இஞ்சியைத் தொட்டியில் கொட்டிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். செம்மண் கரைந்து ஓடியது.

"இஞ்சி தினமும் இந்த நேரத்துலதான் கழுவுவீங்களா?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

"ஆமா. லாரி மத்தியானம்தான் வரும்."

"சாம்பிள் எப்ப எடுக்கறீங்க?"

"காலையில. வந்த உடனே..." என்று சொல்லிக்கொண்டே வந்த அம்பிளி நிறுத்தினாள்.

சங்கர்ராம் வாயைத் திறக்கவில்லை. யாரும் திறக்கவில்லை. அந்த மௌனத்தில் அவளே நேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். காலையில் தொட்டியில் இருப்பது இரவு முழுக்கத் தெளிந்த தண்ணீர். கழுவுவது மதியம். அழுக்குத் தண்ணீர் வரும்போது ஒருநாளும் அவள் குப்பியைக் கொண்டுபோய்ப் பிடித்ததே இல்லை.

அவமானப்பட நேரம் இருக்கவில்லை. அவள் எழுந்து ஒரு கண்ணாடிக் குப்பியை எடுத்துக்கொண்டு, சேறு தெறிப்பதைப் பார்க்காமல் முற்றத்தைக் கடந்து ஓடினாள். சங்கர்ராமும் மற்றவர்களும் பின்னால் ஓடிவந்தார்கள். என்னவோ நடக்கிறது என்று ஜிதினும் வந்தான். தொட்டி நிரம்பி, மண் தங்குவதற்கு முன்பே தண்ணீர் கால்வாய்ப் பக்கத்துக் குழாயில் இறங்கிக்கொண்டிருந்தது. குனிந்து குப்பியில் பிடித்து வெயிலில் தூக்கிக் காட்டினாள். பால் ஊற்றிய சாயா மாதிரி இருந்தது.

"அம்மோ" என்றான் ஜிதின் மெதுவாக.

சோதித்துப் பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் சோதித்தாள். எல்லையைத் தாண்டி எங்கோ இருந்தது. அந்த எண்ணைத் தன் கையாலேயே எழுதும்போது அம்பிளிக்கு இரண்டு விதமாக இருந்தது. அழவேண்டும் போலவும் இருந்தது. இப்படி ஒன்றைக் கண்டுபிடிக்கத்தானே இத்தனை தூரம் படகேறிப் போனேன் என்று கத்தவேண்டும் போலவும் இருந்தது.

சாயங்காலம் சிவசங்கரனின் அறையில் முடிவுக் கூட்டம். சங்கர்ராம் எழுந்து என்.சி.யை வாசித்தார். சிவசங்கரனின் காது சிவந்தது. அவர் சங்கர்ராமைப் பார்க்கவில்லை, நேராக அம்பிளியைப் பார்த்தார்.

"நீ என்ன சொல்றே?"

இது பயிற்சிதானே சார் என்று சொல்லி நழுவியிருக்கலாம். லாரி நேரத்தின் மேல் பழியைப் போட்டிருக்கலாம். அவள் எழுந்து நின்றாள்.

"அவர் சொன்னது சரியாக்கும், சார். மூணு வருஷமா நான் நல்ல தண்ணியை மட்டும்தான் சோதிச்சிருக்கேன்."

சிவசங்கரன் ஸ்வர்ணலதா பக்கம் திரும்பி, ஏப்ரலில் வருகிறவள் இதைக் கண்டுபிடித்திருப்பாளா என்று கேட்டார். ஜன்னல் பக்கம் வந்ததுமே கண்டுபிடித்திருப்பாள் என்றார் ஸ்வர்ணலதா. சிவசங்கரன் பெருமூச்சு விட்டார். அடுத்த கேள்வியை சங்கர்ராமிடம் கேட்டார்: உங்கள் பட்டறையில் இதற்கு என்ன செய்திருக்கிறீர்கள்? அதுவரை அளந்து பேசிய சங்கர்ராம் ஒரு தாளை இழுத்துத் தொட்டிக்கு அடுத்து இன்னொரு தொட்டி, நடுவில் தடுப்புச் சுவர் என்று வரைய ஆரம்பித்தார். சிவசங்கரன் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். விருந்தாளிகள் கிளம்ப இருட்டிவிட்டது.

வெளியே வரும்போது ஜிதின் அவள் கூட நடந்தான். "சேச்சிக்கும் ஒண்ணு கிடைச்சுதில்ல?" என்றான். அவன் முகத்தில் வாட்டம் போயிருந்தது. இருவரும் நின்று சிரித்தார்கள்.

கடைசி நாள் தேர்வு. அம்பிளி கை வலிக்க எழுதினாள். ஆங்கிலம் தடுமாறிய இடத்தில் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதினாள். வெளியே வந்ததும் எப்படி எழுதினீர்கள் என்று சங்கர்ராம் கேட்டபோது, தோற்றாலும் பரவாயில்லை, நான் தேர்ந்தெடுத்தது சரியான கோர்ஸ் என்றாள். சொன்ன பிறகுதான் தோற்றால் பரவாயில்லை என்பது பொய் என்று தெரிந்தது. ஜெயிக்கவேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது.

பிப்ரவரி கடைசியில் தபால் வீட்டுக்கு வந்தது. சரோஜம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. உறையைப் பிரிக்காமல், மதிய வேலைக்குப் போகிற வழியில் கார்ப்பரேஷன் சட்டையோடு தொழிற்சாலைக்கே வந்துவிட்டார். கேட்டில் நின்றுகொண்டே அம்பிளி பிரித்தாள். முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. அவள் எதுவும் சொல்லாமல் அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"தோத்துட்டியா, ஜெயிச்சியா? அதைச் சொல்லு முதல்ல" என்றார் சரோஜம்மா.

"ஜெயிச்சுட்டேம்மா."

சரோஜம்மா மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். பிறகு கேட்டுக்குள் எட்டிப் பார்த்து, என் மகள் ஜெயித்துவிட்டாள் என்று முற்றத்தில் இஞ்சி கழுவிக்கொண்டிருந்த பெண்களிடம் உரக்கச் சொன்னார். அவர்கள் ஈரக் கையோடு ஓடிவந்தார்கள்.

புதுத் தொட்டி மார்ச்சில் கட்டி முடிந்தது. ஏப்ரலில் ஜெர்மன் பெண் வந்து ஒன்றரை நாள் இருந்தாள். இரண்டு சின்னக் குறைகளை எழுதினாள், ரசாயனப் பீப்பாய்களுக்கு ஒட்டும் லேபிள் பற்றி ஒன்று, தீயணைப்புப் பயிற்சி பற்றி ஒன்று. எண்ணெய் தொடர்ந்து போயிற்று. ஜிதினை இரண்டு நாள் கோர்ஸுக்கு அனுப்பலாம் என்று அம்பிளி சொன்னாள், சிவசங்கரன் அனுப்பினார்.

மே மாதம் ஸ்வர்ணலதா போன் செய்தார். தோப்பும்படியில் ஒரு இறால் தொழிற்சாலையை ஆடிட் செய்யக் குழு போகிறது. அம்பிளி பயிற்சி ஆடிட்டராகக் கூட வரலாம். இப்படிச் சில ஆடிட் முடித்தால்தான் முழு ஆடிட்டராகப் பதிவு செய்யமுடியும். விடுப்பு கேட்டபோது சிவசங்கரன் காலண்டரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், "போயிட்டு வா. ஆனா வந்துடணும், கேட்டியா" என்றார்.

அன்று காலை துறைமுகத்தின் மீன் வாசனையும் ஐஸ் லாரிகளின் சத்தமுமாக இருந்தது. உள்ளே நுழையும் முன் எல்லோருக்கும் வெள்ளை ரப்பர் பூட்ஸ் கொடுத்தார்கள். அம்பிளிக்குக் கிடைத்தது ஒரு அளவு பெரியது. நடக்கும்போது சளக் சளக் என்றது. குளிர்ந்த நீண்ட அறையில் வெள்ளை உடுப்பில் பெண்கள் இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் அவர்களை வரவேற்று, எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டார். ஸ்வர்ணலதா பதில் சொல்லாமல் அம்பிளியைப் பார்த்துத் தலையசைத்தார்.

மேஜை மேல் மலைபோல் குவிந்து கிடந்த ஐஸைப் பார்த்தாள் அம்பிளி. அவளுக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ளவேண்டும் என்றிருந்தது.

"இந்த ஐஸ் எந்தத் தண்ணியிலே செய்யறது, சார்?"

மேனேஜர் ஒரு கணம் யோசித்துவிட்டு, வாங்க, காட்டுகிறேன் என்று பின்பக்கக் கதவைத் திறந்தார். பெரிய பூட்ஸ் சளக் சளக்கென்று சத்தமிட, அவர் பின்னால் அம்பிளி முதல் ஆளாக நடந்தாள்.